இறுகியிருந்தவரை நல்ல வால்வு

அண்ணே,

இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது. கேரவன் சாவி என் பையில் இருக்கிறது, தேடாதே.

"காலேஜுல என்னத்தக் கிழிச்ச? இந்தக் கேரவன் டாய்லெட் டேங்க் வால்வு ஒட்டிக்கிருச்சு, சரிபண்ணுடா பாப்போம்" என்று நேற்றுக் கத்தினாய் அல்லவா? சரிபண்ணிவிட்டேன். டேங்கைக் காலிசெய்து கழுவி, வால்வைக் கழற்றினேன். நீ மாதாமாதம் ஊற்றிய தேங்காய் எண்ணெய் பிசினாக உறைந்து, வழியை அடைக்கும் தகட்டைப் பிடித்திருந்தது. சுரண்டிவிட்டு சிலிக்கான் கிரீஸ் தடவினேன். இப்போது கைப்பிடியை ஒரே விரலால் இழுத்துத் திறக்கலாம்.

யாரும் இழுக்காமலும் திறக்கிறது.

மூடிவிட்டுக் கைகழுவி வந்தேன், திறந்திருந்தது. மறுபடி மூடி, கைப்பிடியையே பார்த்தபடி உட்கார்ந்தேன். அது மெதுவாக வெளியே வந்தது. வண்டி சமதளத்தில்தான் நிற்கிறது. டேங்கில் சொட்டுத் தண்ணீர் இல்லை. உள்ளே இருப்பது இத்தனை நாளும் முயன்றிருக்கும். உன் தேங்காய் எண்ணெய்தான் விடவில்லை.

கைப்பிடியைக் கயிற்றால் கட்டிவிட்டு, பூட்டு வாங்க டவுனுக்குப் போகிறேன். எழுமலை ஷூட்டிங்குக்கு வண்டி எடுக்க டிரைவர் மலைச்சாமி அண்ணன் வந்தால், "தம்பி ரிப்பேர் பாத்தான், அதான் ஓடாது" என்று சொல். உடனே நம்புவார்.

நீ வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்காதே.

பிரகாஷ்

கிளம்பும்போது போய்ப் பார்த்தேன். கயிறு அவிழவில்லை, விண்ணென்று இழுபட்டு நிற்கிறது. என் மேல் எம்புட்டு வேண்டுமானாலும் கோபப்படு அண்ணே. வீட்டுக்குள்ளேயே இருந்து கோபப்படு.