தாயார் சந்நிதியில் இரண்டாம் தடவை

அப்பா,

வாழையிலையைக் கிழிக்கும்போது வருகிற அந்தப் பச்சை வாசனை இன்று காலை வீடு முழுக்க இருந்தது. என் வீட்டுக்காரர் ஒரு துண்டில் சிவப்பு ரோஜாவையும் இன்னொன்றில் மல்லிகையையும் வைத்து, இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்படி நூல் சுற்றிக்கொண்டிருந்தார். உங்கள் பேத்தி பிளஸ் டூ முடித்துவிட்டாள். எந்த மேஜர் என்று நாளைக்குள் கல்லூரியில் சொல்லியாக வேண்டும். அவளுக்கு வரலாறுதான் வேண்டுமாம். அவருக்கு பி.காம். பேசிப் பேசித் தீரவில்லை, அதனால் ரங்கநாதரிடம் பூக்கட்டிப் பார்க்கக் கிளம்பினோம்.

என் முறை வந்தபோதும் இதே பொட்டலங்கள்தான். கட்டியது நீங்கள். எனக்குத் தாவரவியல் படிக்க ஆசை. தொட்டியத்திலிருந்து வரும் வாழைத்தார்களை மண்டியில் விற்றுக்கொண்டிருந்த நீங்கள், "வாழையைப் பத்திப் படிக்க காலேஜ் எதுக்கு பாப்பா? அதான் வீடு பூரா கிடக்கே" என்று சிரித்தீர்கள். நீங்கள் நினைத்து வைத்திருந்தது கம்ப்யூட்டர் சயின்ஸ். பெருமாளைச் சேவித்துவிட்டு வந்து, பிராகாரத்தில் நின்ற யாரோ ஒரு குட்டிப் பெண்ணை ஒன்றை எடுக்கச் சொன்னீர்கள். பிரித்தால் மல்லிகை. மல்லிகை என்றால் தாவரவியல். நான் குதித்தே விட்டேன்.

நீங்கள் அந்தப் பூவை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டீர்கள். "பெருமாள் படுத்திருக்காருல்ல, தூக்கக் கலக்கத்துல சொல்லிட்டாரு. தாயார்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுருவோம்" என்றீர்கள். தாயார் சந்நிதியில் ரோஜா வந்தது. "அம்மா சொன்னா அய்யா மீறுவாரா?" என்று என் தலையைத் தடவினீர்கள். அதற்கு மேல் எங்கேயும் போய்க் கேட்கவில்லை.

மேஜர் கம்ப்யூட்டர், அலைடு கணக்கு. ஜன்னலுக்கெல்லாம் திரை போட்ட லேபில் மூன்று வருடம். துறைக்கு வெளியே விருப்பப்பாடம் ஒன்று எடுக்கலாம் என்றார்கள். நான் தாவரவியல் எடுத்தேன். வாரத்தில் அந்த இரண்டு வகுப்புகளில்தான் மூச்சு விட்டேன். நடுவில் மேஜரை மாற்ற வழியில்லை. உங்களிடம் சண்டை போடவும் முடியவில்லை. மண்டி வேலையை அப்படியே போட்டுவிட்டு, மொபெட்டில் வந்து கல்லூரி வாசலில் சோற்றுடப்பாவோடு நிற்பீர்கள். அந்த மனிதரிடம் எப்படிக் கோபப்படுவது? படிப்பு வேலையானது, வேலை வீட்டுக் கடனானது. தில்லைநகரில் திறக்கவே முடியாத கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் இன்னும் உட்கார்ந்திருக்கிறேன். நன்றாகத்தான் சம்பாதிக்கிறேன் அப்பா. வெளியே வரத்தான் தெரியவில்லை.

இன்றைக்கும் முதலில் வந்தது மல்லிகைதான். வரலாறு. இவருக்கு முகம் விழுந்துவிட்டது. "தாயார் சந்நிதி இந்தா இருக்கு. அங்கயும் ஒரு தடவை பாத்துட்டா மனசு ஆறிரும்ல?" என்று என்னைப் பார்த்தார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். வரலாறு படித்துவிட்டு இவள் என்ன செய்வாள்? தூக்கக் கலக்கம் என்ற உங்கள் வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உங்களுக்கும் இந்தப் பயம்தான் இருந்திருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது.

அவள் குதிக்கவில்லை. பூவை உள்ளங்கையில் மூடிக்கொண்டு என் வாயையே பார்த்தபடி நின்றாள்.

"பெருமாள் நல்லா முழிச்சுக்கிட்டுத்தாங்க இருக்காரு. வாங்க, வீட்டுக்குப் போவோம்" என்றேன்.

நாளை அவள் வரலாற்றில் சேர்ந்துவிடுவாள். நான் வழக்கம்போல அந்தக் கண்ணாடி ஜன்னலுக்குப் போவேன். இன்று கோயிலிலிருந்து வரும் வழியில் அந்த மல்லிகையை அவளிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். அன்றைக்கு என்னுடையது உங்கள் சட்டைப்பையிலேயே தங்கிவிட்டது, அப்பா.