இடது காலின் சூடு

சின்னசேலம்
3.3.2025

அன்புள்ள ஜெரினுக்கு,

உன் கூட்டாளி கொளஞ்சியப்பன் எழுதுவது. இங்கே என் கால் தவிர மற்றதெல்லாம் நலம். அங்கே எல்லோரும் தலைமுதல் கால்வரை நலமா?

நீ அனுப்பிய இரண்டு காலுறையும் பெட்டியும் வந்து சேர்ந்தன. மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் பேங்க் மேனேஜர் மாதிரி இருக்கிறேன் என்று செவ்வந்தி சிரிக்கிறாள். அவள் சிரித்து நாளாயிற்று. போன கோடையில் செருப்பு அறுந்து தார் ரோட்டில் நடந்துவந்தேனே, உள்ளங்கால் வெந்தது எனக்கே தெரியவில்லை. தரையில் கொப்புளம் உடைந்த ஈரத்தைப் பார்த்து அவள்தான் கத்தினாள். சர்க்கரை வந்தால் கால் மரத்துப்போகும் என்றபோது, மூட்டை தூக்குகிறவனுக்கு அது சௌகரியம்தானே என்று நினைத்த முட்டாள் நான்.

காலுறையில் கரி பூசியிருப்பதாகச் சொன்னாயே, துவைக்கலாமா? பதிலை மண்டி முகவரிக்குப் போடு. போன் செவ்வந்தி கையில்தான் இருக்கிறது. நாம் பேசினால் ஒரு வார்த்தை விடாமல் கேட்பாள்.

உன்
கொளஞ்சி


சென்னை
11.3.2025

அன்புள்ள கொளஞ்சி,

துவைத்துத் தொலைக்காதே! அது வெறும் கரி இல்லையடா, கரியாலான குழாய்கள். கார்பன் நானோ குழாய் என்போம். ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் ஆயிரக்கணக்கில் அடுக்கலாம். அதைத்தான் நூலில் பூசியிருக்கிறேன். சூடு ஏறினால் அதில் மின்சாரம் ஓடுவது மாறும், பெட்டி அதைக் கண்டுபிடித்துவிடும்.

உள்ளே புண் கட்ட ஆரம்பித்தால் முதலில் அந்த இடம் சூடாகும். வலி தெரியாத உனக்கு இந்தச் சூடுதான் வலி. தினமும் காலையில் இரண்டு காலிலும் மாட்டிப் பெட்டியில் செருகு. ஒரு கால் மற்றதைவிட இரண்டு டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் சிவப்பு விளக்கு எரியும். இல்லையென்றால் பச்சை. எது எரிந்தது என்று தாளில் குறித்து வை.

சிவப்பு எரிந்தால் ஆஸ்பத்திரிக்குப் போ. பச்சை வரும்வரை மூட்டையைத் தொடாதே. இது கெஞ்சல் இல்லை, உத்தரவு. செவ்வந்தியிடமும் இதைப் படித்துக் காட்டு.

அன்புடன்
ஜெரின்


சின்னசேலம்
2.4.2025

அன்புள்ள ஜெரின்,

சிவப்பு எரிந்துவிட்டது. இடது கால். வெளியே ஒரு கீறல்கூட இல்லை. "இன்னா மாமா, செவப்பு எரியுது? வூட்ட வுட்டு ஒரு அடி வெக்கக்கூடாது" என்று செவ்வந்தி வாசலை மறித்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் காலை ஊன்றாதே என்றார்கள். நான்கு நாள் படுத்திருந்தேன்.

ஐந்தாம் நாள் கண்ணாயிரம் மேஸ்திரி வந்தார். கல்வராயன்மலையிலிருந்து புளி மூட்டை இறங்குகிற நேரம். காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாதானே கீது? சீசன் நேரத்துல நீ படுத்துக்கினா, நான் வேற ஆள சேத்துக்கினு போவேன். அப்பறம் வந்து நிக்காத" என்றார். பதினெட்டு வருடமாக நான் மூட்டை தூக்குகிற செட்டு. அந்த இடம் போனால் இந்த வயதில், சர்க்கரைக்காரனை எவன் சேர்ப்பான்?

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. சிவப்பு கொஞ்சம் தள்ளி எரிகிற மாதிரி பெட்டியைத் திருகி வைக்க முடியுமா?

உன்
கொளஞ்சி


சென்னை
24.6.2025

அன்புள்ள கொளஞ்சி,

திருகி வைக்க முடியாது என்று எழுதியதிலிருந்து நீ பேச்சே இல்லை. கோபித்துக்கொண்டாய் என்று நினைத்தேன். இன்று உன் தாள்கள் வந்தன. எழுபத்தைந்து நாள், அத்தனையும் பச்சை! நான்கு நாள் ஓய்வே உன் காலைக் காப்பாற்றியிருக்கிறது பார்.

இந்தக் காலுறையை மாட்டிப் பார்க்கிற ஒன்பது பேரில் உன்னுடையதுதான் அருமையான கணக்கு என்கிறார் எங்கள் பேராசிரியர். கருத்தரங்கில் உன் தாளைத்தான் காட்டப்போகிறேன். ஆகஸ்டில் கட்டாயம் வருகிறேன். செவ்வந்தி கையால் மீன்குழம்பு வேண்டும்.

அன்புடன்
ஜெரின்


சின்னசேலம்
3.8.2025

ஜெரினுக்கு,

மண்டிக்கு வந்த உன் கடிதத்தை மேஸ்திரிதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து கொடுத்தார். முந்தாநாள் வீட்டுக்கு வந்தேன். கள்ளக்குறிச்சியில் என் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சீழ் எலும்புவரை போயிருந்ததாம். செட்டில் என் இடத்துக்கு ஆள் போட்டாயிற்று.

உன் பெட்டி பொய் சொல்லவில்லை. நான்தான் சொல்லவைத்தேன். தினமும் செவ்வந்தி எழுவதற்கு முன்னால் இடது காலை மட்டும் சில்லென்ற பானைத் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைப்பேன். துடைத்துவிட்டுக் காலுறையை மாட்டி, பச்சை எரிந்ததும் அவளைக் கூப்பிடுவேன். "தோ பாரு, பச்ச" என்பேன். அவளும் நிம்மதியாகச் சோறு கட்டிக் கொடுப்பாள். மண்டிக்குப் போய்ச் சேருவதற்குள் கால் மறுபடி சூடாகியிருக்கும். எனக்குத்தான் எதுவும் தெரியாதே.

என் தாள்களைக் கிழித்துப் போடு. அதை நம்பி இன்னொருத்தன் நடந்துவிடப் போகிறான். மிச்சமிருக்கும் காலைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார் டாக்டரம்மா. உன் பெட்டிக்கு இரண்டு கால் வேண்டும். பார்சலில் திருப்பி அனுப்பிவிட்டேன்.

செவ்வந்தியிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. "அந்தக் கூட்டாளி குடுத்த மெஷினு பச்சன்னுதானே காட்டுச்சி, அத நம்பித்தானே நானே அனுப்பி வெச்சேன், அவன் நல்லா இருப்பானா?" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி அழுகிறாள். இனி என்னைத் தூக்கி உட்காரவைக்க அவள் ஒருத்திதான். எழுபத்தைந்து நாள் அவளை ஏமாற்றினேன் என்று எந்த வாயால் சொல்வேன்? அவள் உன்னைத் திட்டும்போது நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்டில் வருவதாக எழுதியிருந்தாய். வராதே ஜெரின். கடிதமும் போடாதே.

கொளஞ்சியப்பன்