வெளியே சொல்ல வேண்டிய காரணம்

அன்பு மகள் பூவிழிக்கு அப்பா எழுதுவது. உன் கல்யாணப் பேச்சு நேற்றோடு நின்றுவிட்டது. நானும் அம்மாவும் உடம்பளவில் சுகம், நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

மாதவராஜ் வீட்டார் பத்திரிகை அடிப்பதைப் பேசத்தான் வருகிறார்கள் என்று அம்மா கேசரி கிண்டி வைத்திருந்தாள். உட்கார்ந்ததும் அவன் அத்தை நிர்மலாதேவி, "பொண்ணு அணுவுலதான வேல செய்யுதுங்க, அந்தச் சூடும் கதிரும் பட்டா வவுத்துல கொழந்த நிக்குங்களா" என்று கேட்டார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. நீ சொன்னதையே சொன்னேன், ஈயத்தின் அணுக்கருக்கள் இரண்டை மோதவிட்டால் சூரியனின் நடுவைவிட லட்சம் மடங்கு சூட்டில் ஒரு துளி உண்டாகும், தண்ணீராட்டம் ஓடி விரிந்து கண்ணிமைக்கும் முன் ஆறிச் சிதறிவிடும், மோதவிடுவது வேறு ஊரில் வேறு ஆட்கள், என் மகள் சிதறி வந்ததை வைத்து அது எப்படி விரிந்தது எப்படி ஆறியது என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறாள், நம் மண்டியில் ஆறின வெல்லத்தை உடைத்துப் பார்த்துப் பாகை எந்தப் பதத்தில் இறக்கினார்கள் என்று சொல்வதில்லையா, அதுபோல, அவளுக்குச் சூடு என்றால் அந்தக் கம்ப்யூட்டர் சூடுதான் என்றேன். "சூடே இல்லாத வேலைக்கு ஜெர்மனிக்காரன் எதுக்குங்க சம்பளம் குடுக்கறான்" என்றார் அந்தம்மா. டாக்டர் சர்டிபிகேட் வேண்டும், வேலையையும் இப்போதே விட வேண்டும் என்றார்கள். நான் மாதவராஜைப் பார்த்தேன், வாரா வாரம் உன்னோடு பேசுகிற பையன், உன் வேலை என்னவென்று தெரிந்தவன். "நீங்க சொல்லுங்க மாப்ள" என்றேன். செல்போனை விட்டுக் கண்ணெடுக்காமல், "பெரியவங்க சொல்றாங்க மாமா" என்றான். அதோடு உன்னைக் கேட்காமலே இந்தச் சம்பந்தம் வேண்டாமென்று முடித்துவிட்டேன். கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. மத்தியானம் மண்டிக்குப் போய் ஒரு லோடு வெல்லம் ஏற்றிவிட்டேன், என்ன விலை சொன்னேன் என்று இன்னும் நினைவில்லை. அம்மா கேசரியை மூடியே வைத்திருக்கிறாள்.

அவனோடு நீ பேசுவதானால் பேசு, தடுக்க மாட்டேன், வேலையை விடுகிறேன் என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதே. தீர்த்தமலை ஈஸ்வரன் உனக்குத் துணையிருப்பார். குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே.

அவர்களோடு பேசி முடித்தது இது. பட்டும் மோதிரமும் வெள்ளிக்கிழமை திருப்பிக் கொடுப்பது. ஊரில் கேட்டால் இரண்டு வீட்டாரும் ஜாதகம் பொருந்தவில்லை என்றே சொல்வது, நிச்சயத்துக்கு முன்பே பார்த்த ஜாதகம், யாரும் நம்பப் போவதில்லை, பரவாயில்லை. உன் வேலையைப் பற்றி அவர்கள் வாயிலிருந்து ஒரு சொல் எங்கும் வரக் கூடாது. அதற்கு ஈடாக மண்டப அட்வான்ஸ் முழுவதும் நம் பொறுப்பு.

இப்படிக்கு,
உன் அப்பா கிருஷ்ணப்பன்,
வெல்ல மண்டி, காரிமங்கலம்