உள்மடிப்பு விடாத கோட்டு

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை, கேட்டால் நலம் என்றுதான் சொல்வாய். முழங்கால் எப்படி இருக்கிறது, அதைச் சொல். மாடிப்படியில் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குகிறாய் என்று உன் மகன் இவரிடம் சொல்லியிருக்கிறான். என்னிடம் நீ அதைச் சொல்லவே இல்லை.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். போன் இருக்கிறது, என்னிடம்தான் இல்லை. கடை தொடங்கியபோது என் நம்பரைத்தான் எல்லாருக்கும் கொடுத்தோம். இப்போது அது கடையின் நம்பர் ஆகிவிட்டது. பார்சல் கட்டும் அறையில் இவர் கையிலோ நாத்தனார் கையிலோ இருக்கும். நீ கூப்பிட்டால்கூட "வணக்கம், எந்த சைஸ் பாக்கறீங்க?" என்று கேட்டுவிட்டு, பிறகுதான் ஆள் தெரிந்து ஸ்பீக்கரில் போடுகிறார்கள். வீடு முழுக்கக் கேட்கிற இடத்தில் அக்காவிடம் என்ன பேசுவது?

போன வாரமும் அப்படித்தான் ஆயிற்று. "ஆபரேஷனுக்குத் தேதி குடுத்துட்டாங்க தம்பி. ஒரு மூணு மாசம் சுண்டுவை அனுப்பி வைங்க. எம் பையனுக்கு ரெண்டு நாளைக்கு மேல லீவு கிடைக்காது" என்று நீ சொன்னது எல்லாருக்கும் கேட்டது. தைக்கிற மாஸ்டர்கூட மெஷினை நிறுத்திவிட்டார். இவர் உடனே, "அதுக்கென்னக்கா, இந்த ஆர்டர் முடியட்டும், நானே கூட்டிட்டு வந்து விடறேன்" என்றார். நீ விடாமல், "ஏய் சுண்டு, நீ என்னடி சொல்ற?" என்று கேட்டாய். என் வாயில் குண்டூசிகள் இருந்தன. தலையை ஆட்டினேன். தலையாட்டுவது போனில் கேட்குமா? "சரி, அவ வேலையா இருக்கா போல" என்று வைத்துவிட்டாய்.

ஊசிகளை எடுத்துவிட்டுப் பேசியிருக்கலாம். அன்றிலிருந்து அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த முறையும் வர முடியாது, மன்னித்துக்கொள் என்று நாலு வரி எழுதத்தான் உட்கார்ந்தேன். காகிதம் ஒரு ஓரத்தில் வளைந்திருப்பதைப் பார்த்து ஏதோ என்று நினைக்காதே. கோட்டுக்குக் கை வெட்டும் அளவுக் காகிதத்தின் மிச்சம் இது. என் மேசையில் வேறு காகிதம் இல்லை. மேசை என்று சொன்னது பழக்கதோஷம், அது இப்போது அயர்ன் பண்ணும் மேடை.

நீ கடைசியாக வந்துபோன வீடு இது இல்லை, அக்கா. கூடத்தில் கம்பி கட்டிக் கோட்டுகள் தொங்குகின்றன. ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போக இரண்டு கையாலும் அவற்றை விலக்கிக்கொண்டு போக வேண்டும். யாராவது எதிரே வந்தால் முகம் தெரியாது, கால்தான் தெரியும். சாப்பாட்டு மேசையில் துணி வெட்டுகிறோம், கட்டில் விளிம்பில் சாப்பிடுகிறோம். என் புத்தக அலமாரியில் நூல்கண்டுகள். கல்லூரியில் நான் பாடம் எடுத்த தாவரவியல் புத்தகங்கள் மூட்டையாகப் பரணில் இருக்கின்றன. ஒரு வருஷம் லீவு என்று சொல்லிவிட்டு வந்தேன். அதற்குமேலும் லீவு கேட்டு, அதுவும் முடிந்து, என் இடத்தில் ஒரு பெண்ணைப் போட்டுவிட்டார்கள். நன்றாகப் பாடம் நடத்துகிறாளாம்.

மூட்டை மூட்டையாகப் பழைய கோட்டுகள் வருகின்றன. கம்பளிக் கோட்டு, மழைக் கோட்டு, யாரோ ஆண்கள் போட்ட தடித்த ஜாக்கெட்டுகள். முதலில் பைகளைத் துழாவ வேண்டும். ஒற்றைக் கையுறை, மிட்டாய்த் தாள், பஸ் டிக்கெட் எல்லாம் வரும். பிறகு வெயிலில் போட்டு, உள்துணியைப் பிரித்து, பூச்சி அரித்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டு, அங்கே கைத்தறித் துணியோ கையால் பூவேலை செய்த பழைய சால்வையோ வைத்துத் தைக்கிறோம். எந்தக் கோட்டின் முதுகுக்கு எந்தத் துணி என்பதை நான்தான் சொல்ல வேண்டுமாம். நாத்தனார் ஒரு முறை தானே தேர்ந்தெடுத்துப் பார்த்தார். சாயம் இறங்கி ஒரு வெள்ளைக் கோட்டு முழுக்க ரோஜா நிறம் ஆனது. மாஸ்டர் அதைத் தூக்கிப் பிடித்து, "இதுவும் நல்லாத்தான் இருக்கு மேடம், வெட்கப்படுற மாதிரி இருக்கு" என்றார். அன்று நாங்கள் எல்லாரும் சிரித்துச் சிரித்துக் களைத்துப்போனோம். அதோடு துணி எடுக்கும் வேலை நிரந்தரமாக என் தலையில் விழுந்தது.

இதெல்லாம் உன்னால் வந்தது என்று சொன்னால் அடிக்க வருவாய். நீ விட்டுப்போன பழைய கோட்டின் முழங்கையில் ஓட்டை இருந்தது. சும்மா கிடந்த ஒரு துண்டுத் துணியை அதில் வைத்துத் தைத்து, அதை ஒரு தோழிக்குக் கொடுத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. மற்றதெல்லாம் தானாக நடந்தது.

இவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, அக்கா. அதுதான் கஷ்டம். காலையில் டீ போட்டுக் கொண்டுவந்து கொடுக்கிறார். கழுத்து வலித்தால் தைலம் தேய்த்துவிடுகிறார். வருகிறவர்களிடம் எல்லாம், "நான் சும்மா மூட்டை தூக்கறவன், எல்லாம் இவ கைராசி" என்கிறார். வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கியவர், முன்பைவிடப் பத்து வயது குறைந்த மாதிரி இருக்கிறார். நாத்தனாரும் அப்படித்தான். தனியாளாகிப்போன பிறகு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவர், இப்போது காலையில் பாட்டுப் பாடிக்கொண்டே மாடியிலிருந்து இறங்கி வருகிறார். இரண்டு பேரும் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நிற்கிறார்கள். கையை உருவிக்கொள்வது எப்படி?

நான் எதைக் கேட்டாலும் இவர் மாட்டேன் என்று சொன்னதில்லை. "சரி, போலாம்" என்பார். போன குளிர்காலத்தில் உன் நாட்டுக்கு வருகிறேன் என்றபோதும் அதையேதான் சொன்னார். அவருடைய 'சரி'க்குள்தான் நான் மாட்டிக்கொண்டிருக்கிறேன். மாட்டேன் என்று சொன்னால் சண்டையாவது போடலாம்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். நெட்டில் போட்டு விற்பதற்கு, கோட்டுகளை மாட்டிக்கொண்டு படத்துக்கு நிற்கிற ஆள் நான்தான். சுவரோரம் வெள்ளைத் துணி கட்டிய சின்ன அறை. ஃபேன் போட்டால் கோட்டின் ஓரம் ஆடும் என்று நிறுத்திவிடுவார்கள். வெயில் காலத்தில் கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு நிற்பேன். நாத்தனார் கேமராவுக்குப் பின்னாலிருந்து, "ஏம்மா, கொஞ்சம் குளிர்ற மாதிரி நில்லேன்" என்பார். நான் தோளைக் குறுக்குவேன். வேர்வை முதுகில் ஓடும். படத்தில் என் முகம் வராது, கழுத்தோடு வெட்டிவிடுவார்கள். உலகத்தில் எத்தனையோ பேர் என் கழுத்துக்குக் கீழே பார்த்திருக்கிறார்கள். அந்தக் கோட்டுகள் எந்தெந்தத் தெருவிலோ நடக்கின்றன. நான் பட்டன் கடைக்குப் போகிறேன், வருகிறேன். அந்த ஒரு இடத்துக்கு மட்டும் தனியாகத்தான் போகிறேன், அங்கே காத்திருப்பது இவருக்கு அலுப்பு.

மாஸ்டர் கூப்பிடுகிறார். காலர் ஏதோ சரியாக உட்காரவில்லையாம். பிறகு எழுதுகிறேன்.

•

இரண்டு நாள் ஆகிவிட்டது. மன்னிப்புக் கேட்கத் தொடங்கிய கடிதம் இப்போது வேறு எங்கோ போகப்போகிறது. நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

நாம் இரண்டு பேரும் ஒன்றாகப் போர்த்திக்கொண்டு தூங்கிய நீலக்கட்டம் போட்ட கைத்தறிப் போர்வை ஞாபகம் இருக்கிறதா? நீ வளர்ந்துகொண்டே போனாய். உன் கால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், நீ இழுப்பாய், எனக்கு முதுகு தெரியும். "ஒட்டகச்சிவிங்கி" என்று நான் கத்துவேன், "போடி சுண்டெலி" என்று நீ உதைப்பாய். அந்தப் போர்வையை நான் எந்தக் கோட்டுக்கும் எடுத்ததில்லை. போன வருஷம் ஒரு சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டு வந்தது. யாரும் அதிகம் போடாத கோட்டு, பையில் ஒன்றுமே இல்லை. அதன் முதுகில் அந்த நீலக்கட்டத்தை வைத்துப் பார்த்தேன். என்ன நினைத்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. என் கையை நீட்டி, மணிக்கட்டு வரை அளந்து கோட்டின் கையை வெட்டிவிட்டேன்.

எங்கள் கோட்டுகளை வாங்குகிறவர்கள் எல்லாம் உன்னைப்போல நெட்டைகள். அதனால் கையின் முனையில் உள்பக்கம் நிறையத் துணி மடித்து விட்டுத் தைப்பது எங்கள் வழக்கம். போதாவிட்டால் பிரித்து நீட்டிக்கொள்ளலாம். இந்தக் கோட்டில் நான் மடிப்பு விடவில்லை. ஒட்ட வெட்டி, ஓரம் தைத்து முடித்துவிட்டேன். மாஸ்டர் பார்த்துவிட்டு, "என்னங்கம்மா, ஸ்கூல் யூனிஃபார்மா தைக்கிறீங்க?" என்று கேட்டார். அளவு தப்பிவிட்டது என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மெஷினுக்குத் திரும்பிப் போய்விட்டார்.

அதற்கும் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தில் மட்டும் குளிர்கிற மாதிரி நிற்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை என்று நாத்தனாரே சொன்னார். ஆனால் விற்கவில்லை. யார் வாங்குவார்கள்? "இது ஏன் போக மாட்டேங்குது?" என்று இவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். நான் கம்பியின் கடைசிக்கு நகர்த்தி வைப்பேன். வேலை ஓய்ந்த மத்தியானங்களில் கதவைச் சாத்திக்கொண்டு அதைப் போட்டுக்கொள்வேன். சும்மா நிற்பேன், அவ்வளவுதான்.

நேற்றுக் காலை நாத்தனார் அந்தக் கோட்டோடு வெட்டும் மேசைக்கு வந்தார். எப்போதும் எங்களிடமே வாங்கும் ஒரு அம்மாளுக்கு அந்த நீலக்கட்டம்தான் வேண்டுமாம், நீளக் கோட்டில். "இது விக்காம தூங்குது. முதுகைப் பிரிச்சு எடுத்து அதுல வெச்சிடு. துணியாவது உருப்படியாப் போகும்" என்று சொல்லிவிட்டு, அவரே சின்னக் கத்தியை எடுத்து முதல் தையலில் வைத்தார். நான் அப்போதும் வாயில் ஊசி வைத்திருந்தேன், அக்கா. உள்ளங்கையில் துப்பினேன். "பிரிக்காதீங்க அண்ணி, அது எங்க அக்காவுக்கு" என்றேன். குரல் கொஞ்சம் பலமாக வந்துவிட்டது. மெஷின் நின்றது.

நாத்தனார் சிரித்தார். "உங்க அக்காவுக்கா? அவங்க உன்னைவிட ஒரு முழம் உயரம். இதைப் போட்டா முழங்கைக்குத்தான் வரும்" என்றார். அக்காவுக்கு என்று நான் சொன்னது பொய் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சொல்லி முடித்தபோது எனக்கு அது பொய்யாகத் தோன்றவில்லை. பார்சல் அறையிலிருந்து எட்டிப் பார்த்த இவர்தான் முடித்துவைத்தார். "விடுக்கா, ஆபரேஷன் ஆன காலுக்குப் போர்த்திக்க ஆகும்ல? அனுப்பிடுவோம்" என்று சொல்லி, அப்போதே பெட்டி எடுத்து, மடித்து வைத்து, உன் விலாசத்தைத் தன் கையாலேயே எழுதினார். அழகாக, பெரிய எழுத்தில். கூரியர்காரர் வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். இவருக்கு நல்ல மனசு என்று சொல்கிறேன் அல்லவா, பார்.

பெட்டி போன பிறகு கம்பியின் கடைசியில் ஒரு கை அகலத்துக்கு இடம் காலியாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஜிப்புகள் போட்டு வைத்திருக்கும் இழுப்பறையின் அடியில் என் பாஸ்போர்ட் கிடக்கிறது. எடுத்துப் பார்த்தேன். இன்னும் காலாவதி ஆகவில்லை. திரும்ப அங்கேயே வைத்துவிட்டேன்.

இவரிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்காக நீ கேட்காதே, அக்கா. நீ கேட்டால் "சரி" என்பார், பிறகு இந்த ஆர்டர், அடுத்த ஆர்டர் என்று போய்விடும். நான்தான் சொல்ல வேண்டும், வாயில் ஊசி இல்லாத ஒரு நேரம் பார்த்து. அனுமதி கேட்கிற மாதிரி சொல்லக் கூடாது என்று பட்டன் கடைக்குப் போகிற வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். தெருவில் சத்தம் இல்லாமல் நன்றாக வருகிறது. வீட்டுக்குள் வந்து அந்தக் கோட்டுகளை விலக்கிக்கொண்டு நடக்கும்போது, எதிரே இவர் டீயோடு வருகிறார்.

உனக்கு ஆபரேஷன் நல்லபடியாக நடக்கும். கால் நேராகும். பழையபடி நெட்டையாக, விறைப்பாக நடப்பாய், நான் பின்னால் ஓடி வர வேண்டியிருக்கும். பயப்படாதே. பயமாக இருந்தால் இருக்கிறது என்று சொல்லு, அதையும் மறைக்காதே.

பார்சல் வந்தால் போட்டுப் பார்க்காதே. யாராவது தையல்காரரிடம் கொடுத்துக் கையை நீட்டலாமா என்று யோசிப்பாய். பிரித்துப் பார்த்தால் உள்ளே நீட்டத் துணி இருக்காது. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அளவாக இருக்கிறதே என்று தூக்கிக் கொடுத்துவிடுவாய், உன்னை எனக்குத் தெரியும். கொடுக்காதே. இந்த வீடு கொள்ளாத அளவுக்குக் கோட்டு இருக்கிறது, எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

உன் வாசல் கதவுக்குப் பக்கத்தில் கோட்டு மாட்டக் கொக்கிகள் இருக்கின்றன என்று சொல்லியிருக்கிறாய். அதில் ஒன்றை அதற்கு ஒதுக்கி வை. மேலே மாட்டிவிடாதே அக்கா, எனக்கு எட்டுகிற உயரத்தில் மாட்டு.

உன்
சுண்டு