திகதி எழுதிய பால்மா ரின்

வடகரை, 19.07.2020

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கச்சி தாரகா எழுதுவது. நான் சுகம். இந்தக் கடற்கரைக் கிராமத்துக்குள் கொரோனா இன்னும் வரவில்லை. வரக்கூடாது என்று எல்லாப் பாதையையும் மூடியதில் சாப்பாடும் வராமல் போனதுதான் வினை. சாமான் கப்பலைக் கண்டு பதினாறு நாள். இருக்கிற ஒரே கடையில் சோஸ் போத்தலும் சவர்க்காரமும்தான் மிச்சம். இந்தப் பூர்வகுடிச் சனத்துக்கு மீன் பிடிக்கத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும், ஆனால் படகுக்குப் பெற்றோலும் அதே கப்பலில்தான் வரவேண்டும்.

தெற்கே டண்டினொங் நகரில் நீங்களும் கோயில் ஆட்களும் கட்டி அனுப்பிய பெட்டிகள் சின்ன விமானத்தில் வந்து சேர்ந்தன. பங்கிடும் பொறுப்பை நான் நர்சாக இருக்கும் கிளினிக் என்னிடம் விட்டது. எனக்குத் தெரிந்தது அகதி முகாம் பங்கீடுதானே? வீட்டுக்கு ஒரு பங்கீட்டு அட்டை, அட்டைக்கு ஒரு பெட்டி. மார்ஜரி அன்ரி வீட்டில் பத்தொன்பது பேர் இருப்பதை நான் யோசிக்கவில்லை.

அவ எங்கள் கிளினிக்கைத் துப்புரவாக்குகிறவ, சலரோகக்காரி. இங்கேயும் மூத்தவர்களை அன்ரி என்றுதான் கூப்பிடுகிறார்கள். செவ்வாய்க்கிழமை ஊசி போடமுன் சாப்பிட்டாவா என்று கேட்டேன். ஓம், வயிறு முட்டச் சாப்பிட்டதாகச் சொன்னா. இன்சுலினைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் சீனி இறங்கி, துடைப்பத்தோடு சரிந்து விழுந்துவிட்டா. குளுக்கோஸ் ஏற்றி, அவ கண் திறக்கும்வரை எனக்கு உயிரில்லை. இரண்டு நாளாகத் தன் பங்கைத் தங்கச்சியின் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறா. அவர்கள் முறையில் அதுகளும் அவவின் பிள்ளைகள்தானாம். எங்களிலும் பெரியம்மா அம்மாதானே, அண்ணா.

எனக்கு வந்த வெட்கத்தை எப்படிச் சொல்ல? சண்டை நேரம் பங்கருக்குள் எங்கள் இரண்டு பேரின் கோப்பையிலும் கஞ்சியை ஊற்றிவிட்டு, தான் முதலே குடித்ததாக அம்மா சொல்லுவா. அவ எழும்பி நடக்க ஏலாமல் போன பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. நர்சுக்குப் படித்தும் அதே சொல்லை நம்பினேனே, மடைச்சி! இப்போது ஆளை எண்ணித்தான் பங்கிடுகிறேன். சலரோகக்காரர் என் கண்முன்னே சாப்பிட்ட பிறகுதான் ஊசி.

அண்ணா, இனித்தான் உங்களோடு சண்டை. கடைசிப் பெட்டியைப் பிரித்தபோது ஒரு பால்மா ரின் இருந்தது. மூடியில் மார்க்கரால் 12/3 என்று என் கையெழுத்து. சாமான் வாங்கினால் திகதி எழுதும் என் பழக்கம் உங்களுக்குத் தெரியும். நான் இங்கே வரமுதல் உங்கள் குசினியில் அடுக்கிவைத்த ரின் அது. கீழே இருந்த பருப்பிலும் மீன் ரின்னிலும் அதே திகதி.

உடனே உங்கள் அறைத் தோழன் பிரதீசுக்குப் போன் எடுத்தேன். வெயார்ஹவுசில் உங்களுக்கு வைகாசியிலிருந்து வேலை இல்லையாம். உங்கள் விசாவுக்கு அரசாங்க உதவியும் இல்லையாம். நீங்களோ ஞாயிறு தவறாமல் போனில் சாப்பிட்டுவிட்டேன் என்கிறீர்கள்.

பால்மாவை மார்ஜரி அன்ரி வீட்டுப் பிள்ளைகள் குடித்துவிட்டார்கள். அது போகட்டும். உங்களுக்குச் சாமான் வாங்கிவரப் பிரதீசிடம் சொல்லிவிட்டேன், வேண்டாம் என்று அவனோடு சண்டைக்குப் போகாதேங்கோ. வாற ஞாயிறு வீடியோவில் எடுப்பேன். சாப்பிட்டீர்களா என்று கேட்கமாட்டேன். கோப்பையோடு வந்து கதிரையில் இருங்கோ. கடைசி வாய்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். அம்மாவை நாங்கள் அப்படிப் பார்க்கவில்லை.

உங்கள் தங்கச்சி,
தாரகா