நுரை கேட்ட மேற்றன்

பெப்ரவரி 9, செவ்வாய்

கோபம் இன்னும் அடங்கவில்லை. நாளைக்குக் காசிமின் விரலை எடுக்கப் போகிறார்கள்.

கிண்ணியாவிலிருந்து எங்கள் ஆஸ்பத்திரிக்கு வரும் மீனவர் அவர். தூண்டில் கிழித்த சின்னக் காயம். எட்டு நாளாக நான்தான் கழுவிக் கட்டினேன். இடுக்கியும் கத்தரிக்கோலும் ஊறும் பேசினில் இப்போது புதுக் கிருமிநாசினி. அதற்குள்ளும் எங்கள் தாதியருக்குத் தலைவியான மேற்றன் சவர்க்காரம் சீவிப் போடச் சொல்கிறார். பழைய மருந்துக்கு அது பொருந்தியது. புதியதன் வீரியத்தைச் சவர்க்காரம் கெடுத்துவிடும் என்று போத்தலிலேயே எழுதியிருக்கிறது. போன மாதமே அவரிடம் காட்டினேன்.

“நுரைக்காத தண்ணியில என்ன சுத்தம், பிள்ளை? இருபது வருசமா இப்பிடித்தான் செய்யிறம்,” என்றார்.

நுரைக்குப் பயந்து கிருமி சாகுமா? அந்தப் பேசினில் ஊறிய இடுக்கியால்தான் தினமும் காசிமின் புண்ணைத் துடைத்தேன்.

இன்று சீழைப் பார்த்த டொக்டர், காசிமைத்தான் ஏசினார். “கட்டோட கடலுக்குப் போயிருப்பீர்.”

எட்டு நாளாக வலையைத் தொடாத மனுசன் தலையைக் குனிந்துகொண்டு, “ஓம் ஐயா, பிழை என்ட பக்கந்தான்,” என்றார். மேற்றன் கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் இடுக்கியைப் பிடித்தபடி நின்றேன்.

மத்தியானம் யாரிடமும் கேட்காமல் அந்தப் பேசினைக் கவிழ்த்துக் கொட்டினேன். முதல் நாளே கொட்டியிருக்கலாம்.

கொட்டியும் மனம் ஆறவில்லை. போகும்போது காசிம் என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்:

“மிஸ்ஸி, நீங்க ஒவ்வொரு நாளும் சுத்தமாத்தான் கட்டினீங்க.”