சேரக் கூடாது, சாகவும் கூடாது

மார்ச் 4, செவ்வாய்

நூலகத்தில் நின்றபடியே ஒவ்வொரு நாவலாக எடுத்துக் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்தேன். எல்லாவற்றிலும் கல்யாணம், இல்லாவிட்டால் தோளில் சாய்தல். நூலகர் அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னதான் சார் தேடறீங்க?"

"காதலிக்கறவங்க கடைசியில சேராத நாவல் வேணும்."

அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஒன்றை உருவிக் கொடுத்தார். "இதை எடுத்துட்டுப் போங்க. அவ ஆத்துல விழுந்துடுவா."

"சாகவும் கூடாதுங்க. உயிரோட இருக்கணும், சேரக் கூடாது."

"பொண்ணு பார்க்கிறவங்ககூட இவ்வளவு நிபந்தனை போட மாட்டாங்க சார்."

செத்துப்போவது தப்பித்துக்கொள்வது. பிரிந்த மறுநாள் காலையில் என்ன செய்தார்கள்? பல் விளக்கினார்களா? காபி யார் போட்டது? எனக்கு அது தெரிந்தாக வேண்டும்.

மார்ச் 6, வியாழன்

வீட்டு நிலவரத்தை எழுதினால் எனக்கே சிரிப்பு வருகிறது. மனைவி டிசம்பரில் போய்விட்டாள். சண்டை இல்லை. "உங்க மேல தப்பு ஒண்ணும் இல்ல. எனக்கு இந்த வாழ்க்கை வேண்டாம்" என்றாள். தப்பு இருந்தாலாவது திருத்தித் தொலைத்திருப்பேன். எங்களைச் சமாதானப்படுத்த வந்த அத்தை, அதாவது அவளுடைய அம்மா, எங்கள் குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். அவர் மகள் இப்போது இருப்பது வேறு ஊரில், மூன்றாம் மாடி, லிப்ட் கிடையாது. நானோ பிசியோதெரபிஸ்ட். ஆக, மனைவி இல்லாத வீட்டில் மாமியார் இருக்கிறார். மணிக்கொரு தரம் 'மாப்பிள்ளை' என்று வேறு கூப்பிடுகிறார். அந்தப் பதவி காலாவதியாகப் போகிறது என்று யார் சொல்வது?

மார்ச் 15, சனி

நூலகர் அம்மா கடைசியில் தேடிக் கொடுத்த நாவலில் பாதி தாண்டியிருந்தேன். இருவரும் அருமையாக மனஸ்தாபப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தை வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார்.

"நீங்க வேலைக்குப் போனப்ப நான் முடிச்சுட்டேன் மாப்பிள்ளை. ரெண்டு பேரும் ரயில்வே ஸ்டேஷன்ல சேர்ந்துடறாங்க."

போச்சு. மூடி வைத்துவிட்டேன். நூலகர் அம்மாவை இனி எப்படி நம்புவது?

மார்ச் 19, புதன்

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துப் புகார் சொன்னேன். "எங்க சார் சேர்றாங்க? கதையில ரயில்வே ஸ்டேஷனே கிடையாதே" என்றார்.

சாயங்காலம் அத்தைக்குக் கால் பயிற்சி. காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். ஓட முடியாது அல்லவா.

"எதுக்கு அத்தை பொய் சொன்னீங்க?"

"போன தடவை இப்படிப் பிரியற கதை ஒண்ணைப் படிச்சுட்டு நீங்க ரெண்டு நாள் அடுப்புப் பக்கமே வரல. நான் பட்டினி கிடக்கவா?"

தண்டனையாக இன்னொரு சுற்றுப் பயிற்சி கொடுத்தேன். திட்டிக்கொண்டே செய்தார். முடிவில், எதையும் பிடித்துக்கொள்ளாமல் இரண்டு படி ஏறிவிட்டார். கைதட்டினேன். அப்புறம்தான் உறைத்தது: படி ஏறத் தெரிந்துவிட்டால் மூன்றாம் மாடிக்குப் போய்விடுவார். என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறேன்.

மார்ச் 30, ஞாயிறு

அம்மாவை அழைத்துப்போக அவள் வந்தாள். நான் நீலச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டியிருந்தேன்.

"ஞாயித்துக்கிழமை எங்க வேலைக்கு?" என்றார் அத்தை.

"சும்மாதான்."

கொஞ்ச நேரம் பார்த்தார். "காலரை மடிச்சு விடுங்க" என்றார்.

மூவரும் சேர்ந்து சாப்பிட்டோம். வாக்கரில் அத்தை நடந்த கதையை நடித்துக் காட்டினேன். அவள் சிரித்தாள், அந்தப் பழைய சிரிப்பு. ஒரு நிமிஷம் நான்— சரி, விடு. தட்டுக் கழுவும்போது மெதுவாகக் கேட்டாள்: "டைவர்ஸ் பேப்பர்ல கையெழுத்து எப்ப போடலாம்?"

என்ன நெனச்சுக்கிட்டு அந்தச் சட்டையைப் போட்ட நீ? முட்டாப்பயலே, அவ எப்பவோ சொல்லிட்டாளேடா.

மார்ச் 31, திங்கள்

எழுந்தேன். பல் விளக்கினேன். பழக்கதோஷத்தில் காபி இரண்டு டம்ளர் போட்டுவிட்டேன். இரண்டையும் நானே குடித்தேன்.

மே 9, வெள்ளி

வக்கீல் அலுவலகத்தில் கையெழுத்து. வெளியே மழை பிடித்துக்கொண்டது. அவளிடம் குடை இருந்தது. பஸ் நிறுத்தம் வரை ஆளுக்குப் பாதி நனைந்துகொண்டு நடந்தோம்.

"அம்மா பயிற்சியே செய்ய மாட்டேங்கறாங்க."

"திட்டவிடு. திட்டிக்கிட்டேதான் செய்வாங்க."

அவளுடைய பஸ் முதலில் வந்தது. போனாள். எனக்கு அகோரப் பசி. எதிர்க் கடையில் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

மே 11, ஞாயிறு

அத்தை போனில் கிசுகிசுத்தார். "அவ அடுத்த வாரம் ஆபீஸ் வேலையா வெளியூர் போறா. நீங்க வாங்க. கால் பழையபடி மக்கர் பண்ணுது."

"அவளுக்குத் தெரிஞ்சா?"

"தெரியட்டும். நீங்க அவளைப் பார்க்கவா வர்றீங்க? வரும்போது ஒரு நாவல் எடுத்துட்டு வாங்க."

"எப்படிப்பட்டது?"

"சேர்ந்தா என்ன, சேராட்டி என்ன. போரடிக்கக் கூடாது."

மத்தியானமே போய் டிக்கெட் எடுத்தேன். ஜன்னலோரம் கிடைத்தது.